அப்பாவின் இடத்தில் ஒரு ஃப்ரெட்

எங்கள் வீட்டுக் கிட்டாரில் வேறு எந்தக் கிட்டாரிலும் இல்லாத ஒரு ஃப்ரெட் உண்டு. கழுத்தில் வரிசையாகப் பதித்திருக்கும் மற்ற உலோகப் பட்டைகளைப் போல அது குறுக்கே முழுதாக ஓடாது. மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே, மெல்லிய கம்பிக்கு அடியில் மட்டும், ஒரு அரிசி நீளத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்தவர் என் மாமா. வைக்கக் காரணம் நான் சொன்ன ஒரு வார்த்தை.

எனக்கு அப்போது பதினோரு வயது. திருமுல்லைவாயிலில் இருந்தோம். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை பார்க்கத் தெற்கிலிருந்து வந்தவர். சர்ச்சில் பழைய கீர்த்தனை எடுத்தால் போதும், ஊரில் பாடியது போலவே இழுத்து வளைத்து உரக்கப் பாடுவார். ஒரு பாட்டில் ஒரு குறிப்பிட்ட வரி வந்ததும் கீபோர்டு ஒரு பக்கம் போகும், அப்பா ஒரு பக்கம் போவார். கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருநாள் என்னிடம், உங்கப்பாவுக்குச் சுருதி சேரவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்க இடம் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மானம் போய்விட்டது. வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சொன்னேன்.

"சர்ச்ல நீங்க பாடாதீங்கப்பா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

எல்லாரும் என்றது பொய். சிரித்தவர் ஒருவர்தான். அப்பா "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு அவர் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அண்ணனூர் கார் ஷெட்டில் மின்சார ரயிலைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். என் கிட்டாரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தவன் மீதிப் பலகையில் பழப்பெட்டி செய்திருப்பான் என்றார். கடையிலேயே விலை குறைந்தது அதுதான்.

அப்பா தினமும் சாயங்காலம் உள்ளறையில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுவார். போடும்போது தன்னை அறியாமல் அந்தக் கீர்த்தனையை முணுமுணுப்பார். வீட்டில் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. மாமா எனக்கு ஒரு வேலை வைத்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து மெல்லிய கம்பியைச் சும்மா மீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்பா தானாக அந்தச் சுருதியில் ஏறிக்கொள்வார். தகராறு பிடித்த அந்த வரி வந்ததும் கம்பிமேல் ஸ்பூன் காம்பை வைத்து நகர்த்தி, அப்பாவின் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்த வேண்டும். மாமா அந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுவார்.

"ஷெட்டு சத்தத்துல என் காது அவுட்டு கண்ணு. நீதான் கேட்டு சொல்லணும்" என்றார்.

பத்து நாள் சாயங்காலம் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். அதற்கு முன் அப்பா பாடினால் எப்போது முடியும் என்றுதான் கேட்டிருக்கிறேன். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரே ஒருநாள் தள்ளி விழுந்தது. அன்று நான் மிக்சர் தின்றுகொண்டே கேட்டேன். பத்தாம் நாள் மாமா கிட்டாரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"தப்பா இருந்தா ஒவ்வொரு தபாவும் ஒவ்வொரு எடத்துல உழும். இது ஒரே எடத்துல நிக்கிது பாரு. அப்போ இது தப்பு இல்ல. அளவு. உன் கிட்டார்ல அந்த அளவு இல்ல, அவ்ளோதான்."

சொன்ன கையோடு சின்ன ரம்பத்தை எடுத்து, கோடு போட்ட இடத்தில் பள்ளம் அறுத்தார். நான் அழுதேன். அதில் பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைப் பதித்து ஒட்டினார். மீட்டினால் வண்டு போல இரைந்தது. இரைச்சல் போக இரண்டு நாள் அரத்தால் தேய்த்தார்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த முறை எங்கள் வீடு. கீபோர்டு வைக்க இடமில்லாததால் கிட்டாரோடு நான். கீபோர்டு அண்ணன் வாசலோரம் உட்கார்ந்திருந்தார். மாமா அம்மாவிடம் அந்தக் கீர்த்தனையை எடுக்கச் சொன்னார். எல்லாரும் பாடினார்கள், அப்பாவின் உதடுகள் அசைந்தன. அந்த வரி வந்தது. புது ஃப்ரெட்டில் விரலை அழுத்தினேன்.

அப்பாவின் உதடுகள் நின்றுவிட்டன. கிட்டாரையே பார்த்தார். இரண்டாம் தடவை அந்த வரி திரும்பியபோது குரல் வந்தது, பழையபடி உரக்க. பாயில் உட்கார்ந்திருந்த தெற்கத்திப் பெண்கள் இரண்டு பேரின் குரலும் அதே இடத்தில் அவரோடு போய் நின்றது. கீபோர்டு அண்ணன் சிரிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து குனிந்து, அந்தப் பித்தளைத் துண்டைத் தடவிப் பார்த்தார். எனக்கோ, அப்பா என்னைப் பார்க்காமல் கிட்டாரைப் பார்த்துவிட்டாரே என்று கோபம்.

அப்பா இன்றும் சர்ச்சில் உரக்கப் பாடுகிறார். சில மாதங்களுக்கு முன் அந்த ஃப்ரெட் பெயர்ந்து விழுந்தது. ஓய்வு பெற்ற மாமாவிடம் கிட்டாரை எடுத்துப் போனேன். பழைய பள்ளத்தைச் சுரண்டி, புதிதாக ஒட்டிக் கொடுத்துவிட்டுக் கை கழுவச் சமையலறைக்குப் போனார். நான் கூடத்தில் மெதுவாக மீட்டிப் பார்த்தேன். குழாய்ச் சத்தத்துக்கு நடுவிலிருந்து அவர் குரல் வந்தது.

"ஒரு இழை மேல போயிடுச்சு கண்ணு. உங்கப்பா எடம் அது இல்ல."

சரியாகத்தான் சொன்னார். உங்கள் காது அவுட்டு என்றீர்களே மாமா என்று கேட்டேன். மாமிதான் பதில் சொன்னாள்.

"இவருக்கா? பக்கத்து ஊட்டு குக்கர் எத்தினி விசில் வந்துச்சுன்னு கணக்கு சொல்வாரு."

மாமா துண்டில் கையைத் துடைத்தபடி சிரித்தார். நான் அப்பாவிடம் சொன்ன வார்த்தை அவர் காதுக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை, அவரும் இதுவரை சொன்னதில்லை. அந்தப் பத்து நாளும் கிட்டாருக்கு அளவு எடுக்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு முதல் முறையாக அப்பா பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த மாமாவுக்குத் தெரிந்திருந்தது.