பல்லடத்துத் தூக்கம்

திருப்பூருக்கு யாராவது ஊர் சுற்றப் போவார்களா என்று கேட்காதீர்கள். நான் போனேன். போன ஆடியில், வங்கியில் இரண்டு நாள் விடுப்பு வீணாகப் போகவிருந்த நேரத்தில், கல்லூரித் தோழி பூங்கொடி கூப்பிட்டாள். அவள் மானிடவியல் ஆராய்ச்சி செய்கிறாள். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் குழந்தைகளை எப்படித் தூங்க வைக்கின்றன என்பது ஆராய்ச்சித் தலைப்பு.

"இதுக்கெல்லாமாடி சர்க்கார் காசு குடுக்குது?" என்றேன்.

"வந்து பாரு. அப்புறம் பேசு" என்றாள்.

திருச்சியிலிருந்து வியாழன் காலை ஆறு மணி பஸ். கரூர், காங்கேயம் வழியாக நாலரை மணி நேரம்; டிக்கெட் இருநூறு ரூபாய்க்குள். காங்கேயம் தாண்டியதும் ஆடிக்காற்று ஜன்னலுக்குள் புகுந்து முகத்தில் அறைந்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்ததில் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோனது. திருப்பூரிலிருந்து வீரபாண்டிக்கு டவுன் பஸ். பெண்களான நமக்கு டிக்கெட் இலவசம், ஆனால் உட்கார இடம் கிடைத்தால் அது பூர்வஜென்மப் புண்ணியம்.

பூங்கொடி காத்திருந்தது ஒரு பனியன் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்தில். குளுகுளுவென்ற அறை, மூடிய கண்ணாடி ஜன்னல்கள், உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் பனியன் துணித் தூளிகள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி என்று எழுத ஆசைதான். ஆனால் பத்து மாதக் குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது. பெயர் ரூனு. ஒடிசாக் குழந்தை.

"இங்க சேத்து ஒம்பது நாளாச்சுங்க, ஒரே கத்தலு" என்றார் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ருக்குமணி அக்கா. "டாக்டரு காது, வவுறு எல்லாம் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு சொல்லிப்போட்டாருங்க. மொளகா சுத்திப் போட்டாச்சு. தூளில போட்டா வெறச்சுக்குது. அது கத்தறதுல மத்தப் புள்ளைகளும் எந்திரிச்சுக்குதுங்க. சனிக்கெழமைக்குள்ள அடங்கலைன்னா வெச்சுக்க முடியாதுன்னு மேனேஜரு சொல்லிட்டாருங்க."

அப்படியானால் ரூனுவின் அம்மா மினதி தையல் வேலையை விட்டுவிட்டு, குழந்தையோடு ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். கணவன் சாயப்பட்டறையில் தனியாகக் கிடப்பான். சாப்பாட்டு நேரத்தில் மினதி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தன் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

குழந்தை என்ன சாப்பிட்டது என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். பூங்கொடி மினதியிடம் வேறொன்று கேட்டாள். "இங்க வர்றதுக்கு முன்னாடி எங்க தூங்கினா?"

"பல்லடம், தீதி. அங்க நல்லா தூங்கும்" என்றாள் மினதி. தீதி என்றால் அக்கா.

"அந்த வீட்டைப் பாக்கலாமா?"

பல்லடம் பத்து கிலோமீட்டர். தனியார் பஸ், பாட்டு காதைப் பிளந்தது. "ஏனுங்க, சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்கக் கூடாதுங்களா?" என்று இந்த ஊர்ப் பேச்சிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"கொறைச்சா டிரைவரு தூங்கிப்போடுவாருங்க" என்றார் கண்டக்டர். நான் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

மினதி குடியிருந்தது விசைத்தறிக் கொட்டகையை ஒட்டிய லைன் வீடு. இப்போது அங்கே வேறொரு ஒடியாக் குடும்பம். சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் தடதடத்தன. பூங்கொடி அந்த வீட்டுப் பெண்ணிடம் இந்தியில் பேசிக்கொண்டிருக்க, நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயில் கீற்றில் பஞ்சுத் துகள் மிதந்தது. சுவரின் அதிர்வு முதுகில் ஏறி, தோளுக்கு வந்து, கண்ணுக்கு வந்தது. யாரோ என்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எங்கேயோ நடந்து போகிறார்கள். எங்கே என்று கேட்கவே தோன்றவில்லை. அப்படி ஒரு சுகம்.

சட்டென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன. நான் திடுக்கிட்டு விழித்தேன். அதே நொடியில் அந்த வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. அடுத்த வீட்டிலும் ஒன்று. அதற்கடுத்த வீட்டிலும்.

பூங்கொடி என்னைப் பார்த்தாள். "நீ எப்படி முழிச்ச?"

"சத்தம் நின்னுச்சுடி!" என்றேன். அதைச் சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை காப்பகத்தில் பெரிய வாக்குவாதம். "தூங்கற புள்ளைக்கு மெஷின் சத்தமுங்களா? நல்லாருக்குதே உங்க ஆராய்ச்சி!" என்றார் ருக்குமணி அக்கா. பக்கத்துச் சாமான் அறையின் பின்சுவருக்கு அந்தப்பக்கம்தான் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடுகின்றன. அங்கே பாய் விரிக்க, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்குவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது.

பூங்கொடிக்கு இதில் பெருமை ஒன்றும் இல்லை. "பச்சைக் குழந்தைக்கு இப்படிப் பழகிப்போனது கொடுமைங்கக்கா. தூங்கட்டும் முதல்ல. அப்புறம் பாயை நாளுக்குக் கொஞ்சமா தள்ளிக்கிட்டே போய் அந்த ரூம்லயே சேத்துடலாம்" என்றாள். ரூனு அழுதாள், சிணுங்கினாள், ஒரு கையைச் சுவரில் வைத்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

வழி விவரத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கே மனசு வராது. ஆடியில் போகிறவர்கள் தலைக்கு ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். பல்லடம் பஸ்ஸில் பின்சீட்டு வேண்டாம், ஸ்பீக்கர் அங்கேதான். கம்பெனிகளுக்குள் சொல்லாமல் போனால் வாசலோடு திருப்பி விடுவார்கள். முக்கியமாக, ஒரு ஊரில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பதையே வேலையாக வைத்திருக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்களோடு போங்கள். டாக்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். மிச்சமிருந்த கேள்வியைக் கேட்க அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். இதற்குச் சர்க்கார் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

நாலு மணி டீ பிரேக்குக்கு மினதி ஓடி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அழுகை கேட்கவில்லை. முகம் வெளிறிப்போனது. "பாப்பா எங்க?" என்று கத்தியபடி, ருக்குமணி அக்கா கைகாட்டிய சாமான் அறைக்குள் பாய்ந்து, மண்டியிட்டு, குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு விரலில் பட்டதும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"நாளைக்கும் கூட்டிட்டு வரலாமா அக்கா?"

"என்ன கேள்வி கண்ணு இது? தெனமும் கூட்டிட்டு வா" என்றார் ருக்குமணி அக்கா.

டீ குடிக்கப் போகாமல் மினதி பாயின் ஓரத்தில் தலையைச் சாய்த்தாள். ஒன்பது நாளாக அவளும்தானே தூங்கவில்லை. பெல் அடித்தது. அம்மா, மகள் இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. நான் எழுப்பப் போனேன். ருக்குமணி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உடுங்க சாமி. சூப்பர்வைசருகிட்ட நான் போய்ச் சொல்லிக்கறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.