தரையின் வாட்டம்

அக்கா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே குளியலறைப் படி அவளுக்கு மலையாகிவிட்டது. முக்கால் அடி உயரம்தான். பிடித்து நடக்கும் நாலுகால் நடைக்கம்பியைத் தூக்கி மேலே வைக்க அவளால் முடியவில்லை. தங்கை பின்னால் நின்று தாங்கிக்கொள்ள, ஏறி இறங்கவே கால் மணி நேரம் ஆனது. படியை எடுத்துத் தரையைத் தாழ்த்தி, சுவரில் பிடிமானக் கம்பி பொருத்த வேண்டும். ஒரு வார வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

தங்கைக்கு ஐம்பத்து நான்கு வயது. வாஷிங்மெஷின் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார் கேட்டு எழுதும் வேலை. "நாளைக்கு ஆள் வந்துடுவாங்க" என்று தினமும் நாற்பது பேரிடமாவது சொல்லிச் சொல்லி அவளுக்கு நாக்கே தேய்ந்திருந்தது.

முதலில் வந்த காண்ட்ராக்டர் செல்போனில் ஐந்து நட்சத்திர ஓட்டல் குளியலறைகளாகக் காட்டினார். "எங்கிட்ட ஒப்படைச்சிட்டீங்கல்ல மேடம், இனி மறந்துடுங்க" என்றார். மறந்தது அவர்தான். இரண்டு ஆட்களோடு வந்து ஒரே காலையில் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. போன் போட்டால், முதலில் வண்டியில் வந்துகொண்டிருந்தார். பிறகு மாமியாருக்கு முடியவில்லை. அதன் பிறகு போனையே எடுக்கவில்லை. அக்காவைக் கட்டிலிலேயே வைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அவசர அவசரமாக பஸ்ஸைப் பிடிப்பாள் தங்கை. மூன்று வாரம் இப்படியே போனது.

இரண்டாமவர் ஆபீஸ் தோழியின் உறவுக்காரர். சொன்ன நாளில் வந்தார், இரண்டே நாளில் டைல்ஸ் ஒட்டினார். முதல் வாளித் தண்ணீரை ஊற்றியதும் அது சாக்கடைத் துளையைத் திரும்பியும் பார்க்காமல் கூடத்துக்கு வந்துவிட்டது.

"போகப் போகச் சரியாயிடும் மேடம்" என்றார் அவர்.

சண்டை போட அவளிடம் தெம்பில்லை. துணியைப் போட்டுத் துடைத்தாள்.

அதன் பிறகு யாரிடமும் ஆள் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு மாலை பஸ்ஸை விட்டிறங்கி வரும்போது, வேலை நடக்கும் ஒரு வீட்டு வாசலில் மேஸ்திரி ஒருவர் கரண்டிகளைக் கழுவித் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவில் சிந்திய மணலைக் கூட்டி ஓரமாகக் குவித்திருந்தார். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"இந்த வீட்டை முடிச்சிட்டுத்தாம்மா வருவேன். பதினோரு நாள் ஆகும். அவசரம்னா வேற ஆளப் பாருங்க."

"வேற ஆள் ரெண்டு பேரைப் பாத்தாச்சுங்க."

பன்னிரண்டாம் நாள் காலை லீவு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். எட்டு மணிக்குப் போன் வந்தது. பேசி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இவனும் வரலையா?" என்றாள் அக்கா.

"மணல் வரலையாம். நாளைக்கு எட்டரைக்கு வரேன்னார்."

"அதுக்கு ஏன்டி கண்ணத் துடைக்கிற?"

"வர முடியாதுன்னு போன் பண்ணிச் சொன்னார்க்கா. வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் எட்டு இருபதுக்கே மேஸ்திரி வந்தார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது ஓடுகிற பக்கத்தைப் பார்த்தார்.

"வாட்டமே தப்பும்மா. வாசல் பக்கம் சரியுது. முழுசா உடைக்கணும்."

அவளுக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. "உடைங்க" என்றாள்.

மறுபடியும் தூசி, மறுபடியும் கடப்பாரைச் சத்தம். கம்பி பொருத்தும் நாளில் மேஸ்திரி, அக்காவை நாற்காலியோடு உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். "எழுந்திருக்கும்போது கை எங்க போகுதோ அங்க நீட்டுங்க" என்றார். அக்கா நீட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். வந்துபோன இருவரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "இன்னும் கொஞ்சம் கீழே" என்று அக்கா அதிகாரமாகவே சொன்னாள். அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

ஆறு நாள் வேலை, பூச்சு காய இரண்டு நாள். உடையாமல் பெயர்ந்த பழைய டைல்ஸ் போதாமல் ஒரு மூலை வேறு நிறத்தில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா நடைக்கம்பியோடு தனியாக உள்ளே போனாள். தாழ்ப்பாள் போடாதே என்று சொல்லிவிட்டு, தங்கை கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். அக்கா குளித்து, தலை துவட்டி வெளியே வந்து, நடைக்கம்பியால் அவள் காலை லேசாகத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

"நான் குளிச்சிட்டேன். நீ கட்டில்ல போய்ப் படு."