ஒர்செத்தா திருப்பி வைத்த அச்சு

வெனிஸில் பொர்தோலோவின் அச்சுக்கூடத்தில் ஒர்செத்தாவுக்கு வாய் நீளம் என்று பேர். அநாதை இல்லத்தில் வளர்ந்து, அங்கே கோயில் பாட்டில் கீழ்க்குரல் பாடியவள். அச்சுக்கோப்பவன் ஒருவனைக் கட்டிக்கொண்டு, அவன் காய்ச்சலில் போனதும் அவன் நின்ற இடத்தில் தானே நின்றாள். அதாயிற்று பதினோரு வருஷம். பாட்டுப் புத்தகம் அச்சிட, ஐந்து கோடும் அதில் ஒரு சுரக்குறியுமாக வார்த்த ஈயத் துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்குவதுதான் வேலை. துண்டைத் தலைகீழாக வைத்துவிட்டால் கீழ்க்கோட்டுச் சுரம் மேல்கோட்டுக்குப் போய், வேறு சுரமாகிவிடும். அந்தத் தப்பைச் செய்யாத ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது. ஒர்செத்தா மட்டும் செய்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டாமல் இருந்ததும் இல்லை.

அந்த வருஷம் பாதிரியார் அல்மெரிகோ, பாட்டுப் படிக்கிறவர்களுக்கென்று எழுதிய இருகுரல் பாட்டுகளை அச்சுக்குக் கொடுத்திருந்தார். மேல்குரலுக்கு ஒரு புத்தகம், கீழ்க்குரலுக்கு ஒன்று. சரிபார்க்க அனுப்பிய தாளைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் காலையில் வந்து நின்றார்.

"பாருய்யா பொர்தோலோ! ஒன்பதாம் பாட்டுல கீழ்க்குரல் சுரம் தலைகீழா நிக்குது!"

பொர்தோலோவுக்கு முகம் தொங்கிப்போனது. "ஒர்செத்தா, கை தவறிருச்சுன்னா சொல்லிரு, போனாப் போகுதுன்னு விட்டுர்றேன். வேணும்னே மாத்தியிருந்தா இன்னியோட உனக்கு இங்க வேலை இல்ல."

கை தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் பிழைப்பு தப்பிக்கும். ஆனால் செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள அவள் மானம் இடம் கொடுக்கவில்லை.

"கையும் தவறல, காலும் தவறல முதலாளி. தெரிஞ்சுதான் திருப்பி வெச்சேன்."

"எழுதுனவன் நானு. மாத்த நீ யாரு?" பாதிரியார் குதித்தார்.

"கோவத்த அப்புறம் வெச்சுக்கலாம் சாமி. தனித்தனியாப் பாத்தா ரெண்டு புத்தகமும் யோக்கியமாத்தான் தெரியும். சேத்துப் பாடுனாத்தான் குட்டு வெளிப்படும். நீங்க மேல்குரல் எடுங்க, நான் கீழ பாடுறேன்."

முதலில் அவர் எழுதியபடியே பாடினார்கள். அந்த இடம் வந்ததும் இரண்டு குரலும் முட்டிக்கொண்டு பல் கூசியது. மை தடவிக்கொண்டிருந்தவன்கூட முகம் சுளித்தான். பாதிரியார் விடவில்லை, இன்னொரு தரம் உரக்கப் பாடினார். இன்னும் மோசமாகக் கூசியது. பிறகு ஒர்செத்தா அச்சுக் கோத்தபடி பாடினார்கள். தடங்கலே இல்லாமல் போய் முடிந்தது.

அல்மெரிகோ நல்ல மனுஷர், அதைச் சொல்லத்தான் வேண்டும். காது சிவந்துபோனாலும், "அவ வெச்சதுதான் சரி. அப்படியே அடி," என்றார். பொர்தோலோ தலையாட்டினார். ஒர்செத்தாவுக்கு நெஞ்சு பூரித்துப்போயிற்று.

வாசல்வரை போன பாதிரியார் ஏதோ உறுத்தித் திரும்பி வந்தார்.

"ஏம்மா, இது மாதிரி வேற எங்கயாச்சும் கைவெச்சிருக்கியா?"

"இந்தப் புத்தகத்துல மட்டுமா சாமி? இல்லன்னா, போன வருஷம் ஒரு புத்தகம் போட்டீங்களே, பதுவா ஆயர்கூட உங்களக் கூப்பிட்டுப் பாராட்டுனாரே, அதையும் சேத்துச் சொல்லணுமா?"