தையற்காரர் அடைத்த ஓட்டைகள்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் டெய்லர். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, பிரித்துத் தைக்க வேண்டிய பேன்ட் என்று எது வந்தாலும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். தெருப் பக்கத்து அறையில் மிஷின், அதற்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் சமையலறை. மனைவி போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருடமாக மூன்று அறைக்கும் அவர் ஒருவரே ஆள்.

நான்கு மாதத்துக்கு முன் வெளியூரிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்தாள். ஒரு வாரம் இருப்பதாகப் பேச்சு. இரண்டாம் நாள் காலை டெய்லர் ஒரு சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தார். குளிக்கப் போன மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து பார்த்தால், பின்னறைத் தொட்டிலின் விளிம்பில் ஓர் எலி. பால் சிந்திய துணியை முகர்ந்துகொண்டிருந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மதிய பஸ்ஸுக்கே மகள் கிளம்பிவிட்டாள். எலி ஓடுகிற வீட்டுக்கு இனிமேல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டேன் என்று வாசலில் நின்று சொன்னாள். கத்திச் சொல்லியிருந்தால் கோபம், ஆறிவிடும் என்று விட்டிருப்பார். மெதுவாகச் சொன்னாள்.

எலி போனால் பேரன் வருவான். அவருக்கு அது அவ்வளவு நேராகத்தான் தெரிந்தது.

முதலில் கூண்டு வைத்தார். ஒன்று மாட்டியது; அதன் இடத்துக்கு அடுத்தது வந்தது. பிறகு தன் கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். மிஷினுக்கு அடியில் மூட்டையாகக் கிடந்த வெட்டுத் துணிகளை எடுத்து, சுவரோரம் கண்ணில் பட்ட ஓட்டைகளிலெல்லாம் கத்தரிக்கோல் முனையால் குத்திக் குத்தித் திணித்தார். காற்றுகூட நுழையாது என்று அவருக்கே பெருமை. இரண்டு வாரத்தில் எலிப் புழுக்கை இரண்டு மடங்கானது. வேறு வழியில்லாமல், வீடு வீடாகப் போய் எலித் தொல்லை தீர்க்கிறவரைக் கூப்பிட்டார். தெரு அவரை எலிக்காரர் என்றுதான் சொல்லும்.

எலிக்காரர் அடுப்பு மேடைக்கு அடியில் கையை விட்டு, நார் நாராகக் கிழிந்த நீலத் துணி உருண்டை ஒன்றை வெளியே இழுத்தார். சீருடைத் துணி. நடுவில் கிண்ணம் மாதிரி குழி.

"என்னண்ணே, ஓட்டையை அடைப்பீங்கன்னு பாத்தா மெத்தை தச்சுக் குடுத்திருக்கீங்க. பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்குக்கூட யாரும் இப்படிப் பண்ண மாட்டாங்க."

டெய்லரும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது, எலிக்காரர் கவனிக்கவில்லை.

பிடிப்பது பெரிய காரியமில்லை, வழியை அடைப்பதுதான் காரியம் என்றார் எலிக்காரர். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை போதும், அது எலிக்கு வாசல். பென்சில் நுழைந்தால் சுண்டெலிக்கு வாசல். துணி, மரம், பிளாஸ்டிக் எதையும் அது கடித்துவிடும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூச வேண்டும். தண்ணீர் போகிற குழிக்குக் கம்பி வலை, தானியத்துக்கு மூடி போட்ட தகர டப்பா. விஷம் மட்டும் வேண்டாம், சுவருக்குள் செத்தால் வீட்டில் மனுஷன் இருக்க முடியாது. கடைசியில், சுவரோரம் கொஞ்சம் மாவு தூவி வைத்துக் காலையில் கால் தடம் பார்க்கச் சொன்னார்.

மாவும் அதற்குத் தீனிதானே என்று டெய்லர் யோசித்தார். துணியில் குறி போடும் சாக்பீஸின் தேய்ந்த துண்டுகளை இடித்துத் தூளாக்கித் தூவினார். தடம் எந்த ஓட்டைக்குப் போகிறதோ அதை வட்டமிட்டு அடைத்தார். மொத்தம் பதினொரு ஓட்டைகள். இத்தனை வருடம் இந்தச் சுவர்களுக்கு நடுவில் இருந்தும் இவற்றில் பாதிகூட அவர் கண்ணில் பட்டதில்லை.

அடைத்து முடித்ததும் வீடு முழுவதும் தூளைத் தூவி, ஒரு வாரம் தினமும் காலையில் குனிந்து பார்த்தார். எலித் தடம் இல்லை. இருந்ததெல்லாம் அவருடைய கால்கள்தான். மிஷினிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து கட்டிலுக்கு, திரும்ப மிஷினுக்கு. ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரே கோடு. தொட்டில் இருந்த பக்கம் தூள் தூவியபடியே கிடந்தது. இவ்வளவு சின்ன இடத்தில்தானா ஒரு ஆள் வாழ்ந்து முடிக்கிறான் என்று கொஞ்ச நேரம் நின்றார்.

எட்டாம் நாள் மதியம் மகளுக்குப் போன் செய்து கம்பி நார், சிமெண்ட், வலை என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

"எலி எல்லார் வீட்டுலயும் வரும்பா. போன மாசம் இங்கயும் வந்துச்சு."

"அப்புறம் ஏம்மா?"



"அன்னிக்குக் குழந்தை தொண்டை கட்டற அளவுக்குக் கத்துனான். கதவைச் சாத்திக்கிட்டுக் குளிச்ச எனக்கே கேட்டுச்சு. உங்க மிஷின் ஓடிட்டேதான் இருந்துச்சு. பாத்துக்கோங்கன்னு உங்ககிட்ட சொல்லிட்டுத்தானப்பா போனேன்."

மிஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அவளும் இதே மிஷின் சத்தத்தில்தானே வளர்ந்தாள்? கைக்குழந்தையாக இருந்தபோது அவள் எப்படி அழுவாள்? மெல்லச் சிணுங்குவாளா, வீரிட்டு அழுவாளா? யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. எழுந்து போய்த் தூக்கியது எப்போதும் அவள் அம்மா.

"நான் அங்க வந்து பாக்கட்டுமா? அங்கதான் மிஷின் இல்லையே" என்றார்.

"அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்பா."

மூன்றாம் நாள் செய்தி வந்தது. ஞாயிறு மதியம் வாங்க, சாயங்கால பஸ்ஸுக்கே திரும்ப டிக்கெட் போட்டுடுங்க. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம், நடுவில் இரண்டு. டெய்லர் இரண்டு டிக்கெட்டையும் போட்டார். அந்த நேரத்தில் பையன் தூங்குவானா, விழித்திருப்பானா என்று எழுதத் தொடங்கி, அழித்துவிட்டு, 'சரிம்மா' என்று மட்டும் அனுப்பினார்.