பின் வலது கதவு

நம்பாவிட்டால் போங்கள், கட்டாயம் இல்லை. ஆனால் என் இடது மணிக்கட்டில் நான்கு விரல் தடம் இன்னும் இருக்கிறது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணிக்கு. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கார் அமெரிக்காவில் செய்தது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. எட்டு சிலிண்டர். முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. பின்னால் உட்காரும் முதலாளி டிரைவரிடம் பேச ஒரு பித்தளைக் குழாய். பின் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். ஓடும்போது திறந்துகொண்டால் காற்று கதவைப் பிடுங்கிவிடும், பிடித்திருப்பவனையும் சேர்த்து.

அதை ஓட்டை உடைசலாகக் கொண்டு வந்தவர் அத்தான், என் அக்கா புருஷன். அப்பா இல்லாத எனக்குப் பட்டறை வைத்துக் கொடுத்தவர். "அம்பது வருஷமா ஒரு கொட்டகையில தூங்கின வண்டிடா. யார் கையும் படல," என்றார். அவர் சொன்னால் நான் எதையும் நம்புவேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கதவின் உள் உறையை மாட்டுவதற்கு முன், உள்ளே தகட்டில் பென்சிலால் ஒரு வரி எழுதித் தேதி போடுவோம். அடுத்துப் பிரிக்கிறவன் மட்டும்தான் அதைப் பார்ப்பான். நான் மூன்று கதவுகளைப் பிரித்தேன். மூன்றிலும் ஒரே கையெழுத்தில் 'முடிந்தது' என்று இருந்தது. தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தையது.

"எவனாவது கிறுக்கியிருப்பான்," என்றார் அத்தான். பின் வலது கதவை மட்டும் அவர் பிரிக்கவே விடவில்லை. "அந்தத் தோல் அசல். அதைக் காட்டித்தான் விக்கணும்."

இரண்டு வருட வேலையில் அவர் ஒரு தடவைகூடப் பின் சீட்டில் உட்காரவில்லை. கேட்டால் முதுகு வலி என்பார். முன் சீட்டில் மட்டும் வராத முதுகு வலி!

கடைசி மாதம் காலையில் பட்டறையைத் திறந்தால், பின் சீட்டின் வலது பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த குழி இருக்கும். ஸ்பிரிங் எல்லாம் நான் கட்டிய புது ஸ்பிரிங். பித்தளைக் குழாயின் மூடியும் திறந்திருக்கும். பூனை வேலை என்று நினைத்தேன். பூனை எப்படி மூடியைத் திறக்கும் என்று யோசிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, விளம்பரம் பார்த்து ஒரு பல் டாக்டர் வருவதாக இருந்தது. காலையில் பின் வலது கதவைச் சாத்தினேன். திறந்துகொண்டது. மறுபடி சாத்தினேன். மறுபடியும்...

"கொக்கி தேஞ்சிருக்கு அத்தான். ஒரு வாரம் குடுங்க."

"அவர் நாலு மணிக்கு வர்றார்டா. நீ பின்னாடி உக்காந்து கதவைப் பிடிச்சுக்கோ. அவருக்குத் தெரிய வேணாம்."

சரி என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டாக்டர் வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, நோயாளி வாயைப் பார்ப்பதுபோல் டார்ச் அடித்துப் பார்த்தார். 4.22க்குக் கிளம்பினோம். அத்தான் ஓட்டினார், டாக்டர் அவர் பக்கத்தில். நான் பின்னால், கதவுப் பட்டையை வலது கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4.27. எனக்கு இடப்பக்கம் சீட்டு மெதுவாக இறங்கியது. யாரோ எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

4.29. டக்.

குழாயின் மூடி திறந்தது.

"அத்தான்... மெதுவா..."

பேசியது நான் இல்லை.

டிரைவர் தலைக்கு மேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடியில் அத்தானின் கண்கள் தெரிந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தன.

வேகம் கூடியது.

"அத்தான், நிறுத்துங்க!" இது நான்.

"அத்தான்... கதவு..." இது நான் இல்லை.

4.31. பாலத்துக்கு முந்தைய வளைவு.

கதவு பிடுங்கிக்கொண்டது.

பாதி உடம்பு வெளியே. முகத்துக்குக் கீழே சாலை...

இடது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

உள்ளே இருந்து.

ஐஸாகக் குளிர்ந்த கை. கிரீஸ் வாடை.

இழுத்துப் போட்டது.

பாலம் தாண்டி வண்டி நின்றது. டாக்டர் இறங்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னொருத்தர் எங்க? விழுந்துட்டாரா?"

"ஒருத்தன்தான் சார்," என்றார் அத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லங்க. ரெண்டு குரல் கேட்டுச்சு. ரெண்டு பேரும் உங்கள அத்தான்னுதான் கூப்பிட்டாங்க."

எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் அவரை அத்தான் என்று கூப்பிட நான் ஒருவன்தான் இருக்கிறேன். நேராக அக்காவிடம் போய்க் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரோட முதல் சம்சாரத்தோட தம்பி," என்றாள். "செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. இதே வண்டி, அதே வளைவு. கதவைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தானாம்."

முதல் சம்சாரம் என்று ஒருத்தி இருந்ததே எனக்குத் தெரியாது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே."

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா நீ அவர்கூட வேலை செய்வியா?"

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கைகூட இவ்வளவு சில்லென்று இல்லை. கூடப் பிறந்தவள்!

மணி 6.10 இருக்கும். பட்டறைக்குப் போய்ப் பின் வலது கதவைப் பிரித்தேன். உறையின் திருகுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒவ்வொன்றையும் மல்லுக்கட்டித்தான் கழற்றினேன். ஒன்பது வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. அசல் தோல் என்றாரே, அதுவும் பொய். அவன் தைத்த தோல் அது.

தகட்டில் அதே பென்சில் கையெழுத்து. இந்தக் கதவில் 'முடிந்தது' இல்லை.

'கொக்கி தேய்ந்திருக்கிறது. அத்தானிடம் சொல்லிவிட்டேன்.'

கீழே தேதி.

தேதிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அது பென்சில் இல்லை, விரலால் எழுதியது. கிரீஸ். தொட்டுப் பார்த்தேன், ஈரம் காயவில்லை.

'நீயும் சொன்னாயா?'