வாசலில் கிணறு இல்லை என்று சொன்ன விசாலம்

சாயரட்சை தீபாராதனை பார்த்துவிட்டு வந்து கால் அலம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. விசாலத்திடம் படித்த ஜெபராணி. "மாமி, டீச்சர் போயிட்டாங்க" என்றாள். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் விசாலத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது ஏன் என்று நர்ஸைக் குடைந்துகொண்டிருந்தாள். அப்படி இருந்தவள் இல்லை என்றால் மனது எப்படி ஏற்கும்? அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. சகஸ்ரநாமம் சொல்ல உட்கார்ந்தால் பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். அங்கே எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன்.

அவளிடம் பயின்ற நீங்கள் எல்லோரும் நினைவு மலர் வெளியிடுவதாகவும், மாமியும் எழுத வேண்டும் என்றும் கேட்டீர்கள். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் அல்ல. தானாகப் படித்துக்கொண்டதுதான். ஆனால் உங்களில் பலர் என் சமையலறையில் சாப்பிட்டவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

விசாலம் என் கணவரின் சித்தப்பா பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வலியசாலையில் எங்கள் வீட்டு மாடியில்தான் பல வருஷம் இருந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே நல்ல கம்ப்யூட்டர் வந்ததும், மரபணுக்களை அதிலேயே படிக்க ஆரம்பித்தாள். பிறகு புதிதாக ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு மாடியில், சாப்பாடு கீழே.

"என்னதான்டி சொல்லித்தரே அதுகளுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மன்னி, இந்தத் தெருவுல எல்லாராத்துலயும் ஒரே பஞ்சாங்கம்தானே தொங்கறது? ஆனா எந்தாத்துல என்னிக்கு விசேஷம்ங்கறது மாறறதோல்லியோ? அதே மாதிரி, ஒடம்புல எல்லா செல்லுக்குள்ளயும் ஒரே புஸ்தகம்தான். எந்தப் பக்கத்தை எப்போ படிக்கணும்னு யாரு சொல்றான்னு தேடறோம்."

"யாரு சொல்லுவா? பகவான்தான்."

"சரி, பகவான் அதை எங்க எழுதி வெச்சிருக்கார்னு தேடறோம். போறுமா?"

வகுப்பில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கீழே எனக்குக் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். யாராவது நல்ல விடையோடு வந்தால் பாராட்ட மாட்டாள். "அழகா வந்திருக்கு. அதான் பயமா இருக்கு" என்பாள். அதைக் கேட்டு நீங்கள் மாடிப்படியில் முணுமுணுத்துக்கொண்டு இறங்கியதும் எனக்குத் தெரியும்.

ஜெபராணி மலைமேல் போனக்காட்டிலிருந்து வந்தவள். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. அவளுக்கு நிலையத்தில் இருந்தது தற்காலிக வேலை, அதுவும் முடியும் தறுவாயில் இருந்தது. நிலையத்தில் விசாலம் நடத்திய பயிற்சியின் கடைசி நாளன்று பெங்களூரிலிருந்து ஒரு பெரிய விஞ்ஞானி வருவதாக ஏற்பாடு. மழை பொய்த்தால் நெற்பயிரில் விழித்துக்கொள்ளும் மரபணுக்களை வைத்து ஜெபராணி செய்திருந்த வேலையை அவர் முன்பே கேள்விப்பட்டிருந்தார். நேரில் கேட்டுப் பிடித்திருந்தால் தன் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த மரபணுக்கள் பலவற்றின் முன்னாலும் ஒரே சின்னச் சொல் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்திருந்தாள் அவள். அதுதான் அவற்றை எழுப்பும் சொல் என்று எல்லோரும் நம்பினோம்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் ஜெபராணி சாம்பார் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். விசாலம் அவளுடைய காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். திடீரென்று நின்றாள்.

"ராணி, எல்லா ஜீனுக்கும் இடது பக்கத்தைத்தானே எடுத்தே?"

"ஆமா டீச்சர்."

"திரும்பி நிக்கற ஜீனுக்கும்?"

ஜெபராணியின் கை சாதத்தில் அப்படியே நின்றது.

எனக்கு விசாலம் விளக்கிச் சொன்னது இது. மரபணுக்கள் வீடுகள் மாதிரி. சில கிழக்கே பார்த்திருக்கும், சில மேற்கே. எழுப்பும் சொல் வாசலில் இருக்கும். இவள் எல்லா வீட்டுக்கும் ஒரே பக்கத்தை வாசல் என்று எடுத்துக்கொண்டதால், பாதி வீடுகளுக்குக் கொல்லைப்புறத்தைப் படித்திருக்கிறாள். மரபணு முடிகிற இடத்தில் வழக்கமாக வருகிற ஒரு சொல்தான் அவளுக்கு அகப்பட்டிருக்கிறது. "கொல்லையில கிணறு இல்லாத வீடு உண்டா மன்னி? இவ வாசல்ல கிணறு இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் இருவரும் திருத்திப் பார்த்தார்கள். அந்தச் சொல் காணாமல் போயிற்று.

"நாளைக்கு இதையே எழுந்து சொல்லு. என்ன தப்பு பண்ணினேன், எப்படித் தெரிஞ்சுதுன்னு. அதான் பேச்சு" என்றாள் விசாலம்.

"ஜோலி போயிரும் டீச்சர். அப்பன்கிட்ட நான் என்ன பறயும்?"

"போனா போகட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "நோக்கு மனசே கெடையாதாடி? உன் ஜோலி பத்திரமா இருக்கு. அந்தக் கொழந்தை வயத்துல ஏன் மண்ணைப் போடறே? சேர்ந்தப்பறம் சொல்லிண்டா ஆகாதா?" என்று கத்தினேன்.

"தெனம் ராத்திரி வரவு செலவு டாலி ஆகாம நீங்க தூங்கறேளா மன்னி?"

"அது புளியும் மொளகாயும். இது ஒரு பொண்ணோட ஜீவனம்."

அவள் காகிதங்களை எடுத்துக்கொண்டாள். மாடிக்குப் போய்விட்டாள். நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் நடந்ததை உங்களில் சிலர் நேரில் பார்த்தீர்கள். ஜெபராணி எழுந்து, தன் விடை தப்பு என்று சொன்னாள். வந்தவர் கைகொடுத்து, நேர்மையைப் பாராட்டினார். இடத்தை வேறு ஒரு பையனுக்குக் கொடுத்தார். ஜெபராணி போனக்காட்டுக்குத் திரும்பிப் போனாள். நான் பல நாள் விசாலத்தோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்பியை மாடிப்படியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அவள் சும்மா இருக்கவில்லை. விடுமுறை நாட்களில் பஸ் பிடித்து மலை ஏறினாள். முதல் தடவை ஜெபராணி வெளியே வரவேயில்லை. அவள் அம்மா கொடுத்த, பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துவிட்டு விசாலம் திரும்பி வந்துவிட்டாள். மறுபடி போனாள். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுத் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணோடு வேலையை முதலிலிருந்து செய்தாள். கடைசியில் வந்த கட்டுரை, தேடிய சொல் அங்கே இல்லை என்று சொன்ன கட்டுரை. ஜெபராணி பெயர் முதலில் இருந்தது. அதைக் காட்டி அவளுக்கு ஆராய்ச்சி வேலை எதுவும் கிடைக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து, ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தாள். நல்ல சம்பளம்தான். ஆனால் அவள் ஆசைப்பட்டது அதுவல்ல.

தகனம் முடிந்து, தீட்டுக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தேன். ஜெபராணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அன்னிக்கு நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா?"

"பெங்களூர் போயிருப்பேன் மாமி."

"அவமேல கோபம் போச்சா?"

"இல்ல. போன வாரம் ஆஸ்பத்திரியில டீச்சர்கிட்டயே அதச் சொன்னேன்."

"அடிப்பாவி! ஒடம்பு முடியாதவகிட்டயா? என்ன சொன்னா?"

"'கோபம் இருக்கட்டும் ராணி. நாம திருத்தினது சரியா?'ன்னு கேட்டாங்க. சரிதான் டீச்சர்னு சொன்னேன். அப்பறம் என் கையப் பிடிச்சிட்டே ஒறங்கிட்டாங்க."

காரியங்கள் முடிந்ததும் சன்னிதியில் நின்றேன். அவளுக்குச் சாந்தி கொடு என்று கேட்க வாய் வரவில்லை. ஒரு இடத்தில் நிற்கத் தெரியாதவளுக்குச் சாந்தியை வைத்துக்கொண்டு என்ன செய்யத் தெரியும்? அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அன்று அடுக்களையில் போட்ட சண்டைதான். அவள் செய்தது சரி என்று இன்றும் எனக்கு மனது ஒப்பவில்லை. தப்பு என்று சொல்லப் போனால், அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் சொன்ன பதில் நினைவுக்கு வந்து நாக்கைப் பிடிக்கிறது. மாடியில் இப்போது சத்தம் இல்லை. நான்தான் கீழே அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.