இடது கண்ணுக்கு முப்பது நாள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தது நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அக்காவின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்ததும் டாக்டரிடம் பேசியதும் நான்தான்.

மூக்குக்குப் பின்னால் இருந்த கட்டிக்கு அக்காவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போயிற்று. ஒன்றரை வருடம் கழித்து, வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸில் ஊசியில் நூல் கோக்கும்போது இடது கண் மங்குவது தெரிந்தது. கதிர்வீச்சு கண் நரம்பைக் கெடுத்துவிட்டது என்றார் டாக்டர். அழுத்தம் கூட்டிய ஆக்சிஜனுக்குள் முப்பது நாள் படுத்தால் பார்வை கொஞ்சம் திரும்பலாம், உறுதியில்லை என்றார். உறுதியில்லை என்பதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

தினமும் அல்சூரில் எங்கள் வீட்டிலிருந்து மெட்ரோவில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஆக்சிஜனில் தீப்பிடிக்கும் என்று தலையில் எண்ணெய் கூடாது, உடையில் ஒரு ஊக்கு கூடாது. கண்ணாடிக் குழாய்க்குள் படுக்கவைத்து மூடுவார்கள். காது அடைத்தால் எச்சில் விழுங்க வேண்டும். வெளியே நின்று நான் தொண்டையைத் தொட்டுக் காட்டுவேன், அவள் விழுங்குவாள்.

வாரம் ஒருமுறை கண் சோதனை. அக்காவுக்கு எழுத்து தெரியாது. அதனால் ஆங்கில E போல மூன்று கால் உள்ள ஒரே வடிவம் வரிசையாக இருக்கும் அட்டையை வைத்து, கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டச் சொல்வார்கள். முதலில் வலது கண், பிறகு இடது. இரண்டாம் வாரம் இடது கண்ணால் ஒரு வரி கூடுதலாகக் காட்டினாள். அடுத்த வாரம் இன்னொன்று. நான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன்.

நான்காம் வாரம் சோதிக்கப் புதிதாக ஒரு பெண் இருந்தாள். வலது கண் முடிந்ததும் அட்டையை மாற்றிவிட்டாள். அக்கா இடது கண்ணால் தயங்காமல் மேலே, வலம், கீழே, கீழே என்று காட்டினாள். அது வலது கண்ணால் பார்த்த முதல் அட்டையின் வரிசை. அந்தப் பெண் கன்னடத்தில் மெல்ல மறுபடி கேட்டாள். அக்கா அதையே காட்டினாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், ஏன் அப்படிக் காட்டினாய் என்று கேட்டேன்.

"நம்ம வூட்ல நீ ஒருத்திதான் பாஸ் ஆவணுமாடி?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "ஒரு வரி தப்பா காட்டுனா உன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள் பிறகு.

வலது கண்ணைப் பொத்தச் சொல்லி, என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"ஜன்னல் பக்கம் வெளிச்சம். உன்னத் தெரியல."

உள்ளே போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மிச்ச நாட்களை முடிக்கலாம், அந்தக் கண்ணில் இனி எதிர்பார்க்க வேண்டாம் என்றார். திரும்பி வந்து அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். வலது கண்ணும் இப்படி ஆகுமா என்று கேட்டாள்.

"ஆகலாம், ஆகாமலும் இருக்கலாம்னு சொல்றாருக்கா."

அவள் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.